ஒரு சொல் விளங்காததால்: மலைநாட்டு முஸ்லிம்களின் மொழியும் உரிமையும்

2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசி. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. இரவுச் சாப்பாட்டுக்கு வந்த ஒருவர், கறிக்குள் கட்டிபோல ஏதோ கிடக்கிறதென்று சிங்களத்தில் சத்தம் போடுகிறார். காசு மேசையில் இருந்தவருக்குச் சிங்களம் அரைகுறை. வந்தவர் கேட்டது, சாப்பாட்டுக்குள் மலட்டு மருந்து போட்டாயா என்று. இவர் விளங்கிக்கொண்டது, மாவைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். பயத்தில், தெரிந்த ஓரிரண்டு சிங்களச் சொற்களைச் சேர்த்து, ‘ஓம், போட்டோம்’ என்று பொருள்படும்படி ஏதோ சொல்லிவிட்டார். அதை ஒருவர் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொண்டார். அந்த இரவே கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாவு என்று தெரிய வந்தது. அப்படியொரு மலட்டு மருந்தே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். ஆனால் அந்த ஒளிப்பதிவு அதற்கு முன்பே நாடெல்லாம் சுற்றி முடிந்திருந்தது.

அது முடிந்து ஒரு வாரத்துக்குள் நெருப்பு எங்கட மாவட்டத்துக்கு வந்தது. வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்டு வைத்தியசாலையில் இருந்த சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3 ஆம் திகதி இறந்தார். அடுத்த நாட்களில் தெல்தெனிய, திகன, பிறகு கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனவில் எரிந்த வீட்டுக்குள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மார்ச் 6 இல் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமானது. அடுத்த நாள் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

மடுல்கெல்ல, கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஏறும் பாதையில் இருக்கிறது. திகன எங்களுக்குத் தெற்கே, காகம் பறக்கும் தூரத்தில். ஊரடங்குக்குள் வீட்டில் இருந்துகொண்டு அந்த அம்பாறைக் கடைக்காரரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்தேன். அவர் சொல்ல நினைத்தது ஒன்று. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. மனித உரிமை என்று பெரிய மாநாடுகளில் பேசுகிற விஷயம் கடைசியில் ஒரு காசு மேசைக்கு முன்னால், ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. தன் மொழியில் பேசும் உரிமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேசியதும் எழுதியதும் சரியாக விளங்கிக்கொள்ளப்படும் உரிமையைப் பற்றிக் குறைவாகத்தான் பேசியிருக்கிறோம். மலைநாட்டு முஸ்லிம்களின் கடந்த நூற்றைம்பது வருட வரலாற்றை இந்தக் கண்ணால் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

தவளக்காரரின் இரண்டு மொழிகள்

கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்களின் முக்கியமான தொழில் பொதிமாட்டுப் போக்குவரத்து. தவளம் என்று சொல்வார்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே வரும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். இதற்கென்று அரசன் வைத்திருந்த மடிகே பத்த என்ற பிரிவில் முஸ்லிம்கள் சேவை செய்தார்கள். லோனா தேவராஜா 1994 இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இந்த உறவுகளை விரிவாகக் காட்டியிருக்கிறார். கண்டிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றைக்கும் ‘கெதர’ என்று முடிகிற சிங்கள வீட்டுப் பெயர் இருக்கிறது. அக்குறணைப் பக்கத்துப் பழைய உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதினமல்ல.

வெளியில் சிங்களம், வீட்டில், பள்ளிவாசலில், மத்ரஸாவில் தமிழ். எழுத்தென்று வந்தால் தமிழ் எழுத்தும் உண்டு, அரபெழுத்தில் எழுதிய அரபுத்தமிழும் உண்டு. உம்மாமார் மார்க்கம் படித்த கிதாபுகள் அரபுத்தமிழில்தான் இருந்தன. அக்குறணைக்குப் பக்கத்தில் கசாவத்தை ஆலிம் புலவரும், தெல்தோட்டைப் போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவரும் பாடியது இந்தச் சூழலில்தான். சிங்கள ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு அவர்கள் மரபுத் தமிழ்ப் பா பாடினார்கள். அதனால் அவர்களுக்கு அயலவரோடு எந்தக் குறையும் வரவில்லை. சட்டம் மொழியைப் பற்றி ஒன்றும் பேசாத காலம் அது. ஒருவர் இரண்டு மொழிக்குள்ளும் வாழலாம் என்பது எவருக்கும் சந்தேகத்துக்குரிய காரியமாகத் தெரியவில்லை.

சித்திலெப்பையின் கணக்கு

1838 இல் கண்டியில் பிறந்த அறிஞர் எம்.சி. சித்திலெப்பை சட்டத்தரணி. நீதிமன்றத்தில் ஆங்கிலம், கட்சிக்காரரோடு சிங்களம், வீட்டில் தமிழ், மார்க்கத்துக்கு அரபு என்று நான்கு மொழிகளுக்குள் நடமாடியவர். அவர் 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார். அடுத்த மாதம், 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கினார். பாஷா பின்னாளில் கண்டிக்குக் குடிவந்து 1901 வரை இருந்தார். ஹல்லொலுவை வீதியில் அவர் இருந்த வீடு இன்றைக்கு ஒராபி பாஷா கலாசார நிலையம். இந்த இருவரின் சந்திப்பிலிருந்து கல்வி இயக்கம் எப்படி வளர்ந்தது, மருதானையில் ஸாஹிரா எப்படி உருவானது என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்தவை.

மொழி விஷயத்தில் சித்திலெப்பை போட்ட கணக்கைத்தான் நான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன். பத்திரிகை தமிழில். 1885 இல் வந்த ‘அசன்பே சரித்திரம்’ தமிழில். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். அதே மனிதர், முஸ்லிம் பிள்ளைகள் தமிழோடு சிங்களமும் அரபும் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று விடாமல் எழுதினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். சொந்தச் சனத்தோடு பேசத் தமிழ், அயலவர் நம்மைச் சரியாக விளங்கிக்கொள்ளச் சிங்களம், ஆட்சியாளரிடம் கேட்க ஆங்கிலம், இறைவேதத்தை விளங்க அரபு. இதில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கு என்று அவர் சொல்லவேயில்லை. அவருக்குப் பிறகு வந்த நாம்தான் அந்தப் பேரத்துக்கு ஆளானோம்.

மொழியை வைத்து இனம் பிரித்தபோது

அந்தப் பேரம் தொடங்கிய இடத்தை ஏறக்குறையச் சரியாகச் சொல்லலாம். 1888 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் இனவழியில் தமிழர். மதத்தால் மட்டுமே வேறுபட்டவர்கள் என்பது அதன் சாரம். அவர் காட்டிய பெரிய சான்றுகளில் ஒன்று, சோனகர் வீட்டில் பேசுவது தமிழ் என்பது. சட்டவாக்க சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம் அது. 1889 இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனின் வாதத்துக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் விரிவாக எழுதிய மறுப்பு 1907 இல் வெளிவந்தது.

அஸீஸ் மறுத்தது நியாயமானது. ஒரு சமூகம் தன்னை யாரென்று சொல்கிறதோ அதைக் கேட்பதுதான் முறை. அது பேசும் மொழியை வைத்து இன்னொருவர் அதற்குப் பெயர் வைக்க முடியாது. எகிப்தியரும் மொரோக்கோக்காரரும் அரபு பேசுகிறார்கள். இருவரும் ஒரே இனம் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஆனாலும் அந்த விவாதம் நம்மிடையே ஒரு வடுவை விட்டுச் சென்றது. தமிழ் நம் மொழி என்று அழுத்திச் சொன்னால் நம் தனித்துவம் போய்விடுமோ என்ற பயம் அது. இன்றைக்கும் கூட்டங்களில், ‘நாங்க தமிழ் பேசுறவங்கதான், ஆனா…’ என்று அந்த ‘ஆனா’வை அவசரமாகச் சேர்த்துக்கொள்கிறோமே, அதன் வேர் 1888 இல் இருக்கிறது.

1915 இல் அந்தப் பயம் இன்னும் ஆழமானது. கம்பளை வலஹகொட தேவாலயத்தின் பெரஹர, பள்ளிவாசல் முன்னால் மேளத்தோடு போகலாமா என்ற வழக்கு. 1815 கண்டி உடன்படிக்கை பௌத்த சமயத்தைப் பாதுகாப்பதாக வாக்குக் கொடுத்தது என்று தேவாலயத் தரப்பு வாதிட்டது. 1914 ஜூனில் மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அதை ஏற்றார். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மே மாத இறுதியில் வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதியில் கலவரம் வெடித்தது. சில நாட்களில் பல மாகாணங்களுக்குப் பரவியது. இராணுவச் சட்டம் வந்தது. அதன் கொடுமையைச் சிங்கள மக்களும் அனுபவித்தார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த வழக்கில் இரு தரப்புக்கும் ஓர் உரிமை இருந்தது. ஒரு பக்கம் வழிபாட்டு ஊர்வலம், மறு பக்கம் தொழுகையின் அமைதி. இரண்டும் கலாசார உரிமைதான். வழக்கு நடந்தது ஆங்கிலத்தில். தேவாலயத்து நிலமேயும் பள்ளிவாசல் நம்பிக்கையாளரும் தங்களுக்குப் பொதுவாகத் தெரிந்த சிங்களத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கக்கூடிய காரியம், இருவருக்கும் அந்நியமான மொழியில் எட்டு வருடம் இழுபட்டு வீதிக்கு வந்தது. கலவரத்துக்குப் பிறகு இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியபோது, தங்கள் இழப்பை அவர் பேசவில்லை என்று முஸ்லிம்கள் மனம் நொந்தார்கள். தமிழ் அரசியலிலிருந்து நம் முன்னோர் விலகியதற்கு இது ஒரு காரணம். அரசியலிலிருந்து விலகியவர்கள் மொழியிலிருந்தும் கொஞ்சம் விலகினார்கள்.

ஒரே வருடத்தில் இரண்டு கடதாசிகள்

1948 நவம்பர் 15 இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மடுல்கெல்லயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கோப்பிக் காலத்திலிருந்து உழைத்த தமிழ்த் தொழிலாளரைப் போல, மலையகத்துத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் அதனால் நாடற்றவரானார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 10 இல் பாரிஸில் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. மொழியை வைத்து எவருக்கும் உரிமை மறுக்கக் கூடாது என்று அதன் இரண்டாம் உறுப்புரை சொல்கிறது. எல்லோருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்று பதினைந்தாம் உறுப்புரை சொல்கிறது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக எண்கள் பிரித்தார்கள். எண்களாகப் பிரிக்கப்பட்டவர்களை ஒரு சொல் கேட்கவில்லை. தோட்டத்துக் குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதைக் கடைத்தெரு முஸ்லிம்கள் கண்ணால் கண்டார்கள். வாப்பாமார் இன்றும் அதைக் கதைப்பார்கள். தமிழ் பேசியும் நாம் அந்தச் சட்டத்துக்குள் அகப்படவில்லை என்று அன்றைக்கு ஆறுதல் அடைந்தவர்களும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1944 மே மாதத்தில் அரசாங்க சபையில் ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கப் பிரேரித்தபோது, வி. நல்லையா கொண்டுவந்த திருத்தத்தால் தமிழும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1955 டிசம்பரில் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அந்த வருடத் தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சிச் சார்பில் நின்ற முஸ்லிம்கள் வென்றிருந்தார்கள். சிங்களவர் நடுவில் வாழ்ந்த முஸ்லிம்களின் தலைவர்கள் பலர் சிங்களத்தோடு போவதே நல்லது என்று நினைத்தார்கள். இருந்த இடத்தைப் பார்த்து இரு சாராரும் எடுத்த முடிவுகள் அவை. இன்றைக்கு உட்கார்ந்து குறை சொல்வது சுலபம்.

இதே காலத்தில் கண்டிக்குப் பக்கத்தில் கல்ஹின்னை என்ற முஸ்லிம் கிராமத்தில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. எஸ்.எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றம் என்ற பதிப்பகம், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டைப் பற்றி ம.மு. உவைஸ் எழுதிய ஆங்கில ஆய்வு நூலை 1953 இல் வெளியிட்டது. கவிமணி எம்.சி. சுபைரும் அந்த மண்ணில்தான் எழுதினார். சிங்களம் மட்டும் சட்டத்துக்கு மூன்று வருடம் முன்பு, நம் இலக்கியத்தை உலகம் வாசிக்க ஒரு வழியை ஒரு சின்ன ஊர் திறந்து வைத்தது. சித்திலெப்பையின் கணக்கு முற்றாக மறந்துபோகவில்லை என்பதற்கு இது சாட்சி.

சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர் கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர். கேகாலைக் கச்சேரியில் வேலை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962 இல் அவருடைய வருடாந்தச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மைக்குக் கொடுத்த பாதுகாப்பை இந்தச் சட்டம் மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. 1967 இல் உயர்நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குப் போட முடியாது என்று சொல்லி அதை நிராகரித்தது. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொன்னது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வருவதற்கு முன் பிரிவிக் கவுன்சிலுக்கு முறையிடும் வழி மூடப்பட்டது. 1972 அரசியலமைப்போடு 29 ஆம் பிரிவும் போனது. ஒரு மனிதர் ஏழெட்டு வருடம் கேட்ட கேள்விக்கு எந்த நீதிமன்றமும் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

பிறகு சட்டம் திரும்பி வந்தது. 1978 இல் தமிழ் தேசிய மொழி. 1987 இல் 13 ஆம் திருத்தத்தால் அரசகரும மொழியும்கூட. 1988 இல் வந்த 16 ஆம் திருத்தம் மிக முக்கியமானது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியில் வாழும் ஒருவர் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்பு கொள்ளலாம். தமிழிலேயே பதில் பெறும் உரித்து அவருக்கு உண்டு. கண்டி மாவட்டத்தில் வாழும் நமக்கென்று எழுதி வைத்ததுபோல் இருக்கும் ஏற்பாடு இது. மீறப்பட்டால் 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் தாக்கல் செய்யலாம்.

எத்தனை பேருக்கு இது தெரியும்? சில வருடங்களுக்கு முன் ஓர் உம்மா என்னிடம் வந்தார். மகனுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். வாப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு விதமாகவும், மகனின் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. தமிழில் சொன்ன அரபுப் பெயரை, இரண்டும் பழக்கமில்லாத ஒருவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருக்கிறார். அதைத் திருத்தச் சத்தியக் கடதாசி முடித்து, ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை பஸ் ஏறினார் அந்த உம்மா. ‘எங்கட பேர எங்களுக்கே எழுத ஏலாதா சேர்?’ என்று கேட்டார். அந்தப் பத்திரத்தைத் தமிழில் கேட்டுப் பெறலாம் என்பது அவருக்குத் தெரியாது. எழுதியவர் வஞ்சம் வைத்து எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு எழுத்துத் தெரியும், பெயர் தெரியாது.

வாசிக்காமல் பிடித்த புத்தகம்

பெயர் பிழைத்தால் பஸ் செலவோடு போகும். ஒரு புத்தகம் பிழையாக வாசிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அஹ்னாப் ஜஸீமின் கதை காட்டுகிறது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர். புத்தளம் பக்கத்தில் தமிழ் ஆசிரியர். 2017 இல் ‘நவரசம்’ என்ற கவிதை நூலை வெளியிட்டிருந்தார். 2019 ஏப்ரல் 21 இன் கொடுமைக்குப் பிறகு நாடு முழுதும் சந்தேகம் படர்ந்திருந்த காலம். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைதானார். அவருடைய கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. தமிழ் அறிந்தவர்கள் அந்த நூலை எடுத்து வாசித்தபோது வன்முறையையும் தீவிரவாதத்தையும் கண்டிக்கிற கவிதைகளே அதில் இருந்தன. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் காட்டியபோது வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகளும் அதையே சொன்னன. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு தமிழ்க் கவிதை நூலை ஒழுங்காக வாசித்து முடிக்க நாட்டுக்கு மூன்றரை வருடம் எடுத்தது. அதில் பத்தொன்பது மாதம் ஒரு தமிழ் வாத்தியார் மறியலில் இருந்தார்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதை எழுதியதற்காக 2019 ஏப்ரலில் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். அவர் மீது பாய்ந்தது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை உள்நாட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று இயற்றப்பட்ட சட்டம் அது. மூல உடன்படிக்கையின் 27 ஆம் உறுப்புரை, சிறுபான்மையினர் தங்கள் கலாசாரத்தை அனுபவிக்கவும் தங்கள் மொழியைப் பயன்படுத்தவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. நம் நாட்டுச் சட்டத்துக்குள் அந்த உறுப்புரை வரவில்லை. வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கும் மூன்றாம் பிரிவு வந்தது. அதுவே எழுத்தாளர் மீதும் பாய்ந்தது.

அதே சட்டத்தில்தான் 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணும் கைதானார். உடுத்திருந்த ஆடையில் அச்சிட்டிருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பார்த்தவர் கண்ணுக்கு அது தர்மச்சக்கரமாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் மறியலில் இருந்தார் அந்தச் சகோதரி. பின்னர் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திகனக் கலவரத்தில் வாசிக்கத் தவறியவர்கள் கடல் கடந்தும் இருந்தார்கள். வெறுப்பைப் பரப்பிய சிங்களப் பதிவுகளைப் பற்றி இங்கிருந்து முறைப்பாடு போனது. சிங்களம் வாசிக்கக்கூடியவர்கள் முகநூல் நிறுவனத்தில் போதிய அளவு இருக்கவில்லை. 2020 மே மாதம் அந்த நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றுக்கும், அம்பாறைக் காசு மேசையில் இருந்தவருக்கும் ஒரே குறை: சிங்களம் போதாது. ஒருவருக்குக் கடை போனது. மற்றதுக்கு ஒரு மன்னிப்போடு முடிந்தது.

எங்கட பக்கத்துக் கடமை

இந்த வரலாற்றில் நமக்கு நேர்ந்த அநீதி உண்டு; அதை எழுதி வைக்க வேண்டும். கொவிட் காலத்தில் ஜனாஸாக்களை எரித்ததும் அந்தக் கணக்கில் சேரும். அது தனிக் கட்டுரைக்குரியது. அதோடு, நம் கையில் இருக்கிற காரியங்களும் உண்டு.

இன்று மலைநாட்டில் பல முஸ்லிம் பெற்றோர் பிள்ளைகளைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்க்கிறார்கள். போதனாமொழியைத் தெரிவு செய்யும் சுதந்திரம் முஸ்லிம்களுக்கு 1940களிலிருந்தே இருந்து வந்தது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. தொழில், உயர்கல்வி, அயல் உறவு என்று அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் 2018 க்குப் பிறகு சிலர் என்னிடம் சொன்ன காரணம் வேறு: ‘தமிழ் கதைச்சா பயம் சேர்.’ பயத்தால் விட்ட மொழி பயத்தைத் தீர்ப்பதில்லை. சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களின் கடைகளும் திகனவில் எரிந்தன. தமிழை விட்ட பிள்ளைக்கு உம்மும்மாவின் தாலாட்டும் போகும், மௌலித் மஜ்லிஸும் போகும், அருள்வாக்கியின் பாட்டும் போகும்.

அதேநேரம், சிங்களம் தெரியாமல் தமிழ்ப் பற்றுப் பேசுவதும் போதாது. அம்பாறையில் நடந்தது அதைத்தான் கற்பிக்கிறது. இரண்டாம் மொழிப் பாடம் என்று ஒப்புக்குப் படிப்பித்து விடுகிறோம். கடையில் விலை சொல்லும் சிங்களம் போதாது; தன்னை விளக்கிச் சொல்லவும், சிங்களவர் ஒருவரின் கதையை வாசித்து ரசிக்கவும் தெரிய வேண்டும். திகன நாட்களில் பள்ளிவாசல் வாசலில் காவல் நின்ற சிங்கள அயலவரும் பிக்குமாரும் இருந்தார்கள். அவர்களோடு பேச ஒரு மொழி நமக்கு இருந்தது. அந்தப் பாலம் விலைமதிப்பற்றது.

மொழிபெயர்ப்பும் நம் கடமைதான். அஹ்னாபைக் காப்பாற்றியவற்றில் ஒன்று, யாரோ உட்கார்ந்து அவர் கவிதைகளை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனது. கைதான பிறகு மொழிபெயர்ப்பதைவிட முன்கூட்டியே மொழிபெயர்த்து வைப்பது நல்லது. நம் புலவர்களில் எத்தனை பேர் சிங்களத்தில் வாசிக்கக் கிடைக்கிறார்கள்? கல்ஹின்னையில் 1953 இல் ஆங்கிலத்துக்குச் செய்ததை நாம் இன்றைக்குச் சிங்களத்துக்குச் செய்யக் கூடாதா? சந்தாப் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் யோசிக்கலாம்.

சட்டத்தைப் பயன்படுத்தவும் பழக வேண்டும். தமிழில் விண்ணப்பம் எழுதுங்கள். தமிழில் பதில் கேளுங்கள். சண்டையாக அல்ல, உரித்தாக. பயன்படுத்தாத உரிமை நாளடைவில் கடதாசியில் மட்டும் தங்கிவிடும். எங்களைச் சுற்றியுள்ள தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே கடதாசிதான் வேண்டும். 1948 இல் செய்ததுபோல இம்முறை நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது.

அந்த உம்மா வந்து போன பிறகு நான் வகுப்பில் ஒரு வேலை தொடங்கினேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் பிறப்புப் பத்திரத்தின் பிரதியைக் கொண்டுவரச் சொல்வேன். தன் பெயரையும் வாப்பா, உம்மா பெயர்களையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொல்வேன். பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பிழை இருந்தால் வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுவோம். எழுதுவது பிள்ளைதான், நான் பிழை திருத்துவேன். ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பெயர்களாவது இப்படி அகப்படுகின்றன. போன வருடம் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்துக்குத் தமிழில் பதில் வந்தது. அதை வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம்.